அண்ணாச்சியை மேல அனுப்பணும்

அத்தியாயம் 5

"செருப்பை வெளிய விடச் சொன்னேன். ஆளை உள்ள விட யாரு சொன்னா?" என்றார் செந்தூர்வேல்.

ஒரு கால் வாசற்படிக்கு உள்ளேயும் மறுகால் வெளியேயுமாக ஃபிராங்க்ளின் நின்றுவிட்டான். ஆறு வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இந்த நாலு வருடமாகத் துப்பறியும் உமாராணிக்கு உதவியாள். இரண்டு தொழிலிலும் அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எங்கே ஏச்சு விழுகிறதோ அங்கேதான் சோலி கிடைக்கும்.

"நம்ம செருப்புக்காவது இந்த வீட்டு வாசல்ல இடம் கெடச்சுதே அக்கா," என்றான் மெதுவாக.

உமாராணி ஏரல்காரி. போலீசில் ஏட்டாக இருந்து, மேலதிகாரி ஒருவர் சொன்ன பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வேலையை விட்டவள். ஐம்பது வயதில் அவள் சேர்த்து வைத்த சொத்து, யார் எவ்வளவு கத்தினாலும் ஏறாத குரல்.

"நான்தான் வரச் சொன்னேன்," என்றபடி அடுக்களையிலிருந்து வந்தாள் செந்தூர்வேலின் மனைவி சந்தனமாரி. "உங்க உசிரு உங்களுக்குப் பெரிசில்ல. எனக்குப் பெரிசு."

அவள் நீட்டிய தாளை உமாராணி வாங்கிப் பார்த்தாள். ஒரு ஜெராக்ஸ். கையால் வரைந்த மலைப்பாதைப் படம்.

விஷயம் இதுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் காலைநடை போகிற பன்னிரண்டு பேர் சேர்ந்து கூனிமலைக்குப் போகத் திட்டம். மலை என்று சொன்னால் மலைக்கே கூச்சம் வரும். ஏற முக்கால் மணி, இறங்க அரை மணி. வனத்துறை கேட்டில் பேர் எழுதிவிட்டு, காட்டுப் பாதையில் நடந்து, உச்சிப் பாறையில் இட்லியைத் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியது. குழுவுக்குத் தலைவர், முத்தையாபுரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் செந்தூர்வேல். பாதை தெரிந்த ஒரே ஆள், சங்கு குளிக்கிற அமலன். அவன்தான் படம் போட்டுக் கொடுத்தவன்.

தலைவருக்கும் வழிகாட்டிக்கும் ஒரு வாரமாக ஆகாது.

"டீக்கடையில பத்துப் பேருக்கு முன்னால என்னைப் பாத்து, 'உங்களால ஏற முடியாது அண்ணாச்சி'ங்கான்," என்றார் செந்தூர்வேல். "கடலுக்குள்ள முங்குதவனுக்கு மலையைப் பத்தி என்னலே தெரியும்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? 'மலைக்கு வாங்க, அங்கன நான் பாத்துக்கிடுதேன்'னான். எவ்வளவு திமிரு."

"அது போதாதுன்னு இதை வாசிங்க," என்று சந்தனமாரி படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஃபிராங்க்ளின் வாய்விட்டு வாசித்தான்:

"'ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி. பிளாஸ்டிக் கவர் கூடாது. தொப்பி வேணும். செந்தூர்வேல் அண்ணாச்சி மாத்திரை மறக்கப்பிடாது. கவட்டுப்பாறை வந்ததும் அண்ணாச்சிய மேல அனுப்பணும். அவியள அங்கன விட்டுட்டு நாம ஏறுவோம்.'"

ஓர் ஆளை மேலே அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று தூத்துக்குடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"கொல்லப் போறவன் பன்னிரண்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பானா?" என்று கேட்டாள் உமாராணி.

"ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தது நான்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். சந்தனமாரியின் தம்பி பாண்டியராஜ். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடித்துவிட்ட முழுக்கைச் சட்டைப் பையில் கடையின் பேர். "அமலன் எழுதினதைத்தான் எடுத்தேன். எனக்கு மலையும் தெரியாது, மடுவும் தெரியாது. ஏரலுக்கு மேல நான் போனதே கெடையாது."

"ஏலே எடுபிடி, உன்னைக் கேட்டாங்களா?" என்றார் செந்தூர்வேல். "இருபத்திரண்டு வருசமா கடையில நிக்கான், இன்னும் வாயை எப்ப மூடணும்னு தெரியல. ஒண்ணாந்தேதியோட நிக்கச் சொல்லிட்டேன். போற காலத்துலயாவது சும்மா இரி."

செந்தூர்வேலின் மகள் பானுப்ரியா டீத்தட்டோடு வந்தாள். பாண்டியராஜ் எழுந்து, "கொதிக்குது, கையைச் சுட்டுக்காத," என்று தட்டை வாங்கிக்கொண்டான். அந்தப் பத்து நிமிடத்தில் அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் சூடில்லாமல் பேசிய வார்த்தை அது ஒன்றுதான். உமாராணி அதைக் கவனித்ததை ஃபிராங்க்ளின் கவனித்தான்.

"என்ன மாத்திரை அண்ணாச்சி?" என்றாள் அவள்.

"வாயு மாத்திரை," என்றாள் சந்தனமாரி முந்திக்கொண்டு. செந்தூர்வேல் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி, போகாம இருந்துட்டா?"

"நானா? போகாம இருந்தா அவன் சொன்னதுதான் சரின்னு ஆயிரும். போறேன். வேனுக்குக் காத்திருக்கவும் மாட்டேன். காலையில அஞ்சு மணிக்கு என் வண்டியில தனியாப் போய், அவன் குறி போட்ட இடத்துல அவனுக்கு முன்னாடி நிப்பேன். படத்துல திசை போட்டிருக்கு, போன்ல காம்பஸ் இருக்கு. கவட்டுப்பாறையில வடக்க திரும்பணும், அவ்வளவுதானே. என்ன கிழிக்கான்னு பாப்போம்."

படத்தின் தலைமாட்டில் ஓர் அம்புக்குறி. அதன் மேல் ஆங்கில N. பாதை கீழிருந்து வந்து கவட்டுப்பாறையில் மூன்றாகப் பிரிந்தது. நேர் மேலே போன கிளையின் முடிவில் ஒரு பெருக்கல் குறி. தாளின் அடி ஓரத்தில், நடுவாக, சின்னதாக ஒரு கூட்டல் குறி.

"மேல பெருக்கல், அடியில கூட்டல். மலைக்குப் போறானா, கணக்குப் பரீட்சைக்குப் போறானா?" என்றான் ஃபிராங்க்ளின்.

சந்தனமாரி அவனை முறைத்தாள்.

"நாலு மணிக்குள்ள வாரேன்," என்று உமாராணி தாளை மடித்தாள்.

"வந்தாலும் செருப்பு வெளியதான்," என்றார் செந்தூர்வேல்.

அமலனின் வீடு கடலோரம், ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில். முற்றத்தில் தார்ப்பாய் விரித்து மீன் காயப் போட்டிருந்தது. அமலனின் மனைவி ஞானபாய் அவர்களைக் கண்டதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கவில்லை. வாளியில் மீன் கழுவிய தண்ணீர்.

"யாருளா நீ? இரும்புக்கடையில இருந்தா வாரிய?"

"உமாராணி. துப்பறியுற சோலி. அமலன் இருக்காரா?"

"கடலுக்குப் போயிருக்காவ."

"எப்ப வருவாரு?"

"கடல்ட்ட கேளு." ஞானபாய் வாளியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். "காலையிலதான் அந்தக் கடைச் சுமைக்காரனுவ ரெண்டு பேரு வந்து, 'உன் புருசன் மலைக்கு வந்தா காலை ஒடிப்போம்'னுட்டுப் போறானுவ. இப்ப நீ. அடுத்தது யாரு, போலீசா?"

"வாளித் தண்ணி எனக்கா, அக்காவுக்கா?" என்று கேட்டான் ஃபிராங்க்ளின். "எனக்குன்னா சட்டையைக் கழட்டிருதேன். இது ஒண்ணுதான் துவைச்ச சட்டை."

"வாயைப் பாரு, நண்டு வங்கு மாதிரி."

அப்போது கச்சான் காற்று ஒரு வீச்சு வீசியது. தார்ப்பாயின் ஒரு முனை எழும்பி மீன் மேல் மண்ணை வாரிப் போட்டது. ஃபிராங்க்ளின் யோசிக்கவில்லை. ஓடிப்போய்ப் பாயை இழுத்துப் பிடித்து, கிடந்த கல்லைத் தூக்கி முனையில் வைத்தான். முழங்கை வரை மீன் வாடை. மண் விழுந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் போட்டான். உமாராணி சேலையைச் சொருகிக்கொண்டு எதிர் முனையில் உட்கார்ந்தாள்.

ஞானபாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பக்கமும் ஒரு கல்லை வையி," என்றாள் பிறகு. வாளி கீழே இறங்கியது.

நூறு கேள்வி திறக்காத கதவை ஒரு கல் திறந்துவிடுவது உண்டு.

"அந்த அண்ணாச்சிக்கு நெஞ்சு சரியில்ல," என்றாள் ஞானபாய். "போன மாசம் கடற்கரையில நடக்கும்போது ஒக்காந்துட்டாவ. இவுகதான் பாத்துத் தண்ணி குடுத்து, அவிய பையில இருந்த மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில வச்சாவ. 'வீட்ல சொல்லாதலே'ன்னு சத்தியம் வாங்கிட்டாவளாம் அண்ணாச்சி. அதை மறைக்கத்தான் டீக்கடையில அம்புட்டு ஏச்சு. இவுக மூச்சைப் பிடிச்சுச் சோலி பாக்குத ஆளு. அடுத்தவன் மூச்சு ஏறுதா இறங்குதான்னு பாத்தாலே தெரியும்."

"அப்ப 'பாத்துக்கிடுதேன்'னு சொன்னது..." என்று இழுத்தான் ஃபிராங்க்ளின்.

"பாத்துக்கிடுதேன்னா பாத்துக்கிடுதேன்தான். வேற என்ன?"

ஃபிராங்க்ளினுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரே சொல்லை ஒருத்தன் அன்பாகச் சொல்கிறான்; கேட்கிறவன் காது கத்தியைத் தீட்டிக்கொள்கிறது.

உமாராணி ஜெராக்ஸை விரித்தாள். "இதுல இந்த N அவரு போட்டதா?"

"இங்கிலீசா? கையெழுத்தே தமிழ்லதான் போடுவாவ." ஞானபாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது முழுப் படம் இல்லியே. பாதியைக் காணும். மொத தடவ போட்டதுல டீ கொட்டிருச்சி. அதைப் பாத்து வேற தாள்ல போட்டுக் குடுத்தாவ. டீ கொட்டினது மேல வீட்ல கெடக்கும். அங்கன உக்காந்துதான் வரைஞ்சாவ. இரிங்க, எடுத்தாறேன்."

அவள் போனதும் ஃபிராங்க்ளின் அண்ணாந்து தெருவைப் பார்த்தான். வரிசையாக ஓட்டுக் கூரை. அதற்கு மேல் காக்கா, அதற்கு மேல் ஆகாசம்.

"நம்ம ஊரு அதிசயம் பாருங்க அக்கா. தெரு முழுக்கத் தேடினாலும் ஒரு மாடி கெடையாது. ஆனா மேல வீடு மட்டும் உண்டு."

உமாராணி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"மாடி கெடையாது. மேல வீடு..." அவன் நிறுத்தினான். மேல வீடு என்றால் மேற்கே உள்ள வீடு. மேலத் தெரு, கீழத் தெரு, மேல ரத வீதி, கீழ ரத வீதி. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற சொல்.

"அண்ணாச்சிய மேல அனுப்பணும்," என்றாள் உமாராணி நிதானமாக. "'அவியள அங்கன விட்டுட்டு நாம ஏறுவோம்.' மேலன்னா உச்சின்னா, உச்சிக்கு அனுப்பின ஆளை விட்டுட்டு இவங்க எங்க ஏறப் போறாங்க? நான் ஏரல்காரி, எனக்கே உறைக்கல பாரு. பயந்த பொம்பளை கையால வாங்கினேன்லா, பயத்தோடயே வாசிச்சிட்டேன்."

ஞானபாய் கொண்டுவந்த தாள் நாள்காட்டியின் பின்பக்கம். டீக்கறைக்கு அடியில் படம் முழுசாக இருந்தது. தாளின் அடியில் அலை அலையாகக் கடல். ஒரு வள்ளம். கரையில் மாதா கோயில், அதன் கோபுரத்தில் சிலுவை. அங்கிருந்து ரோடு, ரோட்டின் முடிவில் கூன் விழுந்த மலை.

"மலைக்குப் போகக் கடல் எதுக்குப் போட்டாரு?" என்றான் ஃபிராங்க்ளின்.

"கடல் இல்லாம எடம் எப்படித் தெரியும்?" என்று ஞானபாய் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "முப்பது வருசமா கடல்ல நின்னுதான் அந்த மலையப் பாக்காவ. கோயில் சிலுவைக்கு நேரா மலையோட கூன் வந்தா, நிக்குத வள்ளத்துக்குக் கீழ பாரு இருக்கு, அந்தக் கடலடிப் பாறையில சங்கு கெடக்கும்னு அடையாளம். சோறு போட்ட மலைய ஒரு தடவ போய்த் தொட்டுட்டு வருவோம்னுதான் மொதல்ல போனாவ. இது வரைக்கும் மூணு தடவ ஏறியாச்சி."

உமாராணி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தாள். ஜெராக்ஸின் அடி ஓரத்திலிருந்த கூட்டல் குறி கூட்டல் குறியே அல்ல. கோபுரத்துச் சிலுவையின் நுனி. அதற்குக் கீழே இருந்ததை யாரோ மடித்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். கடல் தாளின் அடியில் என்றால், அந்த அடிப்பக்கம் கிழக்கு. தாளின் தலை மேற்கு. அங்கே ஒரு N போட்டால் மேற்கு வடக்காகிவிடும்.

"கடைசி வரியப் பாருங்க," என்றான் ஃபிராங்க்ளின். ஜெராக்ஸில் இல்லாத வரி. அலைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: 'முக்காலி ஒண்ணு. அண்ணாச்சிக்கு. நான் தூக்கிட்டு வாரேன்.'

உமாராணி போனை எடுத்தாள். கூனிமலை கேட்டில் வனக்காவலராக இருக்கும் மாசானம் அவளுக்குப் பழக்கம். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மாசானம் அண்ணாச்சி, கவட்டுப்பாறைக்கு மேல என்ன இருக்கு?"

"மேலயா? சுனை இருக்கு. மரம் இருக்கு. ஏற முடியாதவங்க உக்காருத எடம்."

"வடக்க?"

"வடக்க எதுக்குப் போறிய? பழைய கல்குவாரிப் பள்ளம். செடி மூடிக் கெடக்கு. பாத்தா பாதை மாதிரி இருக்கும், கால வச்சா மண்ணு சரியும். நாப்பது அடி. போன புதன்கிழமைதான் ஒருத்தன் தனியா நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தான். அதட்டி விரட்டினேன். தூத்துக்குடின்னான், பேரு கேக்கல."

கச்சான் மறுபடி வீசியது. தார்ப்பாய் அசையவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டு ஜோடிச் செருப்பும் மறுபடி செந்தூர்வேல் வீட்டு வாசலில் கிடந்தன.

"என்ன கிழிச்சிய?" என்றார் அவர்.

"நீங்க சொன்னதுதான் சரி அண்ணாச்சி," என்றாள் உமாராணி. "அமலனுக்குக் கெட்ட எண்ணம் இருக்கு."

ஃபிராங்க்ளினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் நாலு வருட அனுபவம் அவன் வாயை மூடி வைத்தது.

"ஆனா நீங்க போகாதிய. உங்களைப் பாத்தா உஷாராயிருவான். பானு போகட்டும். அஞ்சு மணிக்குப் போய், கவட்டுப்பாறையில வடக்க திரும்பி, அந்தச் செடி மறைவுல நின்னு போன்ல படம் எடுக்கட்டும். கையும் களவுமாப் பிடிச்சிரலாம்."

"நான் போறேன்," என்றாள் பானுப்ரியா உடனே.

"பானு போகப்பிடாது."

சொன்னது பாண்டியராஜ். உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றிருந்தான்.

"ஏன் தம்பி? வெறும் பாதைதானே," என்றாள் உமாராணி.

"அது பாதை இல்ல. செடிதான் தெரியும், அடியில ஒண்ணும் இருக்காது. கால் வைக்க எடம் கெடையாது. அவள அங்கன அனுப்பாதிய."

உமாராணி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏரலுக்கு மேல போனதே இல்லைன்னியளே," என்றாள் உமாராணி. குரல் ஏறவில்லை. "போன புதன்கிழமை மாசானம் அதட்டி விரட்டின ஆளு நீங்கதானா?"

பாண்டியராஜ் பானுவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்த ஒரு பாசம் மட்டும் அவனுக்குள் கெடாமல் இருந்தது. அதுவே அவனைக் காட்டிக் கொடுத்தது.

உமாராணி டீக்கறைத் தாளை மேசையில் விரித்து, மேல என்பது எது, N போட்டது எதற்கு, மடித்து மறைத்தது எது என்று சுருக்கமாகச் சொன்னாள். மாத்திரை யாருடைய நாக்குக்கு அடியில் போனது என்பதையும் சொன்னாள். சந்தனமாரி கணவனைப் பார்த்த பார்வையில் செந்தூர்வேல் முதன்முறையாகத் தலையைக் குனிந்தார்.

"படம் அமலன் கையெழுத்து. டீக்கடைச் சண்டைக்குப் பத்து சாட்சி," என்றாள் உமாராணி. "நீங்க வீம்புக்குத் தனியாப் போவியன்னு தெரிஞ்ச ஆளு போட்ட அம்புக்குறி இது. நீங்க விழுந்திருந்தா அமலன் ஜெயிலுக்குப் போயிருப்பான்."

"இருபத்திரண்டு வருசம் அத்தான்," என்றான் பாண்டியராஜ். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியளா? கடைக்கு வாரவன்லாம் என்னை எடுபிடிங்கான். அதுவும் வேண்டாம்னு போகச் சொல்லிட்டிய."

"பேர் சொல்லாதது பெரிய தப்புதான்," என்றாள் உமாராணி. "அதுக்காகச் சம்பந்தமில்லாத ஒருத்தன் பேரை இதுல எழுதினியளே. அவன் உங்களை என்ன செஞ்சான்?"

அவள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அவன் ஓடவில்லை.

அரை மணியில் போலீஸ் ஜீப் வந்தது. வெளியே ஹாரன் கேட்டதும் செந்தூர்வேல் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று ஃபிராங்க்ளின் குறுக்கே போகத் தயாரானான்.

"பாண்டியராஜ்," என்றார் செந்தூர்வேல். "கடைச் சட்டையோட போகாத. மாத்திக்கிட்டுப் போ."

கடைப் பேர் கெட்டுவிடக் கூடாது என்று சொன்னாரா, இவன் மானம் போகக் கூடாது என்று சொன்னாரா, ஃபிராங்க்ளினுக்குப் புரியவில்லை. பாண்டியராஜுக்கும் புரிந்திருக்காது. ஆனால் கூப்பிட்ட பேர் காதில் விழுந்தது. அவன் அழுதுகொண்டே சட்டையை மாற்றப் போனான்.

ஜீப் போன பிறகு செந்தூர்வேல் டீக்கறைத் தாளைக் கையில் எடுத்தார். கடல் தன் வயிற்றுப் பக்கம் வருமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"முக்காலியாம்," என்றார் கடைசியில். "நான் என்ன கிழவனா?"

"அப்ப நாளைக்கு வரலைன்னு அமலன்ட்ட சொல்லிரட்டா அண்ணாச்சி?" என்றான் ஃபிராங்க்ளின்.

"வரலைன்னு யாருலே சொன்னா?" அவர் நிமிரவில்லை. விரல் மட்டும் பெருக்கல் குறி போட்ட சுனையின் மேல் இருந்தது. "கால் ஆடாத முக்காலியாப் பாத்துத் தூக்கிட்டு வரச் சொல்லு."